கடுகு சிறுத்தாலும் கத்தி கூர்மை! - ‘டி அண்ட் டி’ களத்தில் ஒரு ‘ரோக்’ உருவாகும் கதை

பாதாள அறையின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது ஓகர். கையில் மரத்தூண் கனத்தில் ஒரு தடி. அதன் உயிர்ப்புள்ளிகள் 59. அதற்கு எதிரே மூன்றடி உயரத்தில், இரண்டு குறுவாள்களோடு ஒருத்தி. அவளுக்கு இருப்பது மொத்தமே 10. அவளுக்கு முன்னால் பாய்ந்த ஃபைட்டரின் வாள், தடியில் பட்டுத் தெறித்துவிட்டது. அடுத்தது அவள் முறை.

“என்னடி பண்ணப்போற?”

கேட்பது ஓகர் இல்லை. சாப்பாட்டு மேஜையின் மறுமுனையில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தோழி. பாதாள அறை, ஓகர், தடி எல்லாமே அவள் வாயால் சொன்னவை. மேஜையில் உண்மையாக இருப்பது பென்சில், காகிதம், சில பகடைகள், பாதி காலியான ஒரு சிப்ஸ் பாக்கெட். ஆனாலும் குறுவாள்காரிக்காக விளையாடுகிறவளின் உள்ளங்கை வியர்த்திருக்கிறது. மூன்று நாள் உட்கார்ந்து உருவாக்கிய பாத்திரம், அடுத்த ஐந்து நிமிடத்தில் செத்துப்போகலாம்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு இப்படித்தான் ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதில் உயிரைப் பணயம் வைத்து எதிரியின் மூக்குக்கு நேரே போய்ச் சண்டை போடும் ‘ரோக்’ பாத்திரம் இன்னும் ஒரு படி மேலே!

பகடையும் கதையும்

விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டி. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். இன்று அது பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் கையில் இருக்கிறது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு, முதல் எபிசோடில் அந்தச் சிறுவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடுவது இதைத்தான் என்று சொன்னால் போதும்.

ஆடும் விதம் எளிது. ஒருவர் கதைசொல்லி, அவருக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’, சுருக்கமாக டி.எம். என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “நான் கதவை மெதுவாத் திறக்கிறேன்” என்று சொன்னால் திறக்கலாம். அது கிறீச்சிடுமா, சத்தமில்லாமல் திறக்குமா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை சொல்லும். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்று பாட்டியோடு சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதற்றத்தை விளக்கவே வேண்டாம். ஒரு வித்தியாசம். தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி உள்ளே வரும். இங்கே செத்த பாத்திரம் பெரும்பாலும் செத்ததுதான்.

திருடனுக்கு முதலில் இடமே இல்லை

1974-ல் வந்த பெட்டியில் இருந்தவை மூன்றே வகைப் பாத்திரங்கள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. திருடன் கிடையாது. கலிஃபோர்னியாவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழுவின் யோசனையைக் கேட்டறிந்த கைகாக்ஸ், தன் பாணியில் அதற்கு விதிகள் எழுதினார். 1975-ல் வந்த ‘கிரேஹாக்’ என்ற இணைப்புப் புத்தகத்தில் ‘தீஃப்’ அதிகாரபூர்வமாக நுழைந்தான்.

பாவம், எலும்பும் தோலுமாகத்தான் வந்தான். அவனுடைய உயிர்ப்புள்ளிக்கு உருட்டவேண்டியது நான்கு முகப் பகடை, மந்திரவாதிக்கும் அதேதான். போர்வீரனுக்கோ எட்டு முகம். பூட்டைத் திறக்கலாம், சுவரேறலாம், நிழலில் ஒளியலாம். சண்டையில் ஒரே ஒரு ஆயுதம்தான் அவனுக்கு இருந்தது. எதிரிக்குத் தெரியாமல் பின்னால் போய்க் குத்தினால் இரட்டை அடி. தெரிந்துவிட்டால் ஓட வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் திருடனுக்கு முன்மாதிரிகளில் ஒருவன் என்று சொல்லப்படும் ‘கிரே மவுசர்’ ஓடுகிற ரகமே இல்லை. ஃப்ரிட்ஸ் லைபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1939-ல் அச்சில் அறிமுகப்படுத்திய பாத்திரம் அவன். குள்ளமான, வாய்த்துடுக்குள்ள வாள்வீரன். ஒரு கையில் ‘ஸ்கால்பெல்’ என்று பெயர் வைத்த மெல்லிய வாள், மறுகையில் ‘கேட்ஸ் க்ளா’ என்ற குத்துவாள். பக்கத்தில் எப்போதும் ஃபாஃபர்ட் என்ற ஆஜானுபாகுவான நண்பன். திருடுவான், மாட்டிக்கொண்டால் நின்று சண்டை போடுவான். விளையாட்டு விதிகள் அவனை எட்டிப்பிடிக்கப் பல வருடங்கள் ஆயின.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ‘தீஃப்’ என்ற பெயர் ‘ரோக்’ ஆனது. முதுகில் குத்துவது ‘ஸ்னீக் அட்டாக்’ ஆனது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ரோக்கின் உயிர்ப்பகடைக்கு எட்டு முகங்கள். நான்கில் தொடங்கியவன் எட்டுக்கு வர 39 வருடங்கள்!

கடுகு பிறக்கிறாள்

இனி நம் குறுவாள்காரி. அவளுக்குக் ‘கடுகு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். காரணம் பழமொழியில் இருக்கிறது. 2014 பதிப்பின் விதிகள்படியே அவளை உருவாக்கலாம். இன்றும் நிறைய மேஜைகளில் ஓடுவது அதுதான்.

பாத்திரத்துக்கு ஆறு குணங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். பகடை உருட்டியும் மதிப்பெண் வாங்கலாம். வேண்டாமென்றால் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை விருப்பம்போல் பிரித்துக்கொடுக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. பகடை காலை வாரினால், வருடம் முழுக்க நோஞ்சான் பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ரோக்குக்கு எல்லாமே சுறுசுறுப்புதான். வாள் வீசுவது, அடியிலிருந்து விலகுவது, சத்தமில்லாமல் நடப்பது, பூட்டைத் திறப்பது... நான்கும் அந்த ஒரே எண்ணிலிருந்து வருகின்றன. ஆகவே 15 அங்கே போகிறது. கடுகு ‘லைட்ஃபுட் ஹாஃப்லிங்’ இனத்தைச் சேர்ந்தவள் என்பதால் மேலும் 2 கூடி 17. ஹாஃப்லிங் என்றால் டோல்கீன் கதைகளின் ஹாபிட்தான். ஆரம்பத்தில் விளையாட்டிலும் ஹாபிட் என்றே அச்சிட்டார்கள். உரிமைதாரர்கள் ஆட்சேபித்த பிறகு பெயர் மாறியது.

அடுத்த எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ரோக் என்றால் புத்திசாலி என்று நினைத்து 14-ஐ அறிவில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். தூரத்திலிருந்து அம்பு விடுகிறவருக்கு அது சரிப்படலாம். ஓகரின் மூச்சுக்காற்று முகத்தில் படும் தூரத்தில் நிற்கப்போகிறவளுக்கு வேண்டியது உடல் உறுதி. 14 அங்கே. வசீகரத்துக்கு 13, இனத்தின் சலுகையால் 14 ஆகும். அது எதற்கு என்பது மூன்றாவது லெவலில் தெரியும். விவேகம் 12, அறிவு 10. வலிமைக்கு மிச்சமிருக்கும் 8. தண்ணீர்க்குடம் தூக்கக்கூட ஆள் கூப்பிடுவாள். பரவாயில்லை.

கணக்கு இப்படி முடிகிறது. உயிர்ப்புள்ளி, எட்டு முகப் பகடையின் முழு மதிப்பு 8, உடல் உறுதிக்கு 2, ஆக 10. தோல் கவசமும் சுறுசுறுப்பும் சேர்ந்து ‘ஆர்மர் கிளாஸ்’ 14. அதாவது எதிரி பகடையோடு தன் பலத்தைக் கூட்டி 14-ஐத் தொட்டால்தான் அவள்மேல் அடி விழும். அவள் வாள் வீசும்போது பகடையோடு 5 கூட்டிக்கொள்வாள்.

எண்கள் மட்டும் ஒரு பாத்திரத்தை உருவாக்கிவிடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னணி தேர்ந்தெடுக்க வேண்டும். கடுகுக்கு ‘அர்ச்சின்’, அதாவது தெருவில் வளர்ந்த அநாதைக் குழந்தை. இந்தப் பின்னணியைத் தேர்ந்தெடுத்தால் விதிப்புத்தகமே சில பொருட்களைக் கையில் கொடுக்கிறது. ஒரு சின்னக் கத்தி. வளர்ந்த ஊரின் வரைபடம். ஒரு வளர்ப்பு எலி. பெற்றோர் நினைவாக ஏதோ ஒரு பொருள்.

அந்தக் கடைசிப் பொருள் என்ன என்று புத்தகம் சொல்வதில்லை. விளையாடுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பித்தளைப் பொத்தானா, உடைந்த வளையல் துண்டா, பாதி எரிந்த கடிதமா? ‘கார்டு கட்டி’ விளையாடுகிற ஆட்டம் இது என்று நினைத்து வந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குவது இந்த வரியில்தான்.

ரோக்குகளுக்கு ‘தீவ்ஸ் கேன்ட்’ என்ற ரகசியப் பேச்சும் தெரியும். தமிழ் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்தோமே, அதேதான். சந்தையில் மீன் விலை பேசுவதுபோல் பேசி, “இன்று இரவு காவல் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

முதுகில் குத்துவது மட்டுமல்ல

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத விஷயம் ‘ஸ்னீக் அட்டாக்’. பதுங்கிப் போய்த்தான் அடிக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைத்து, ஒவ்வொரு முறையும் தூண் தேடி ஒளிகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. குறுவாள், குத்துவாள், ரேப்பியர் போன்ற நுட்பமான ஆயுதமோ வில்லோ கையில் இருக்க வேண்டும். பிறகு இரண்டில் ஒன்று போதும். ஒன்று, அடிக்கும்போது உங்களுக்கு ‘அட்வான்டேஜ்’ இருக்க வேண்டும்; இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் வசதி அது. இல்லையென்றால், எதிரிக்கு ஐந்தடிக்குள் உங்கள் கூட்டாளி ஒருவர் நினைவோடு நிற்க வேண்டும். உங்களுக்கு ‘டிஸ்அட்வான்டேஜ்’ மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைதான் நடைமுறையில் அதிகம் உதவுவது. எதிரி ஃபைட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு கணத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே குறுவாள் இறங்குகிறது. ‘நான் தனி ஆள், யாரையும் நம்பமாட்டேன்’ என்று கறுப்பு முக்காடு போட்டு மூலையில் உட்காரும் ரோக்கை எல்லா மேஜையிலும் பார்க்கலாம். ஆனால் விதிகளைப் படித்தால், அந்த விளையாட்டிலேயே கூட்டாளி பக்கத்தில் இல்லாமல் பல்லுப்போன பாத்திரம் அவன்தான்!

கூடுதல் அடி முதல் லெவலில் ஓர் ஆறு முகப் பகடை. மூன்றாவது லெவலில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று ஒற்றைப்படை லெவல்களில் ஏறி, 19-ல் பத்துப் பகடைகள். ஒரு முறைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும் என்பதுதான் சிக்கலே. அந்த ஒரு தடவை தவறிவிட்டால்?

ஒரு வாளா, இரண்டு வாளா?

ரேப்பியரின் அடி எட்டு முகப் பகடை. குறுவாளுக்கு ஆறு. பார்த்தவுடன் ரேப்பியர்தான் பெரியதாகத் தெரியும். ஆனால் குறுவாள் லேசானது. ஒரு கையில் அடித்துவிட்டு, ‘போனஸ் ஆக்‌ஷன்’ என்ற கூடுதல் வாய்ப்பைச் செலவழித்து மறுகையாலும் ஒரு தடவை வீசலாம். இரண்டாவது அடியில் சுறுசுறுப்பின் கூடுதல் சேராது, அவ்வளவுதான்.

மூன்றாவது லெவலில் கடுகு ஒரு காப்ளினை எதிர்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15. கடுகுக்கு 5 கூடுதல் உண்டு; பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-ல் 11 முகங்கள், அதாவது 55 சதவீதம். ஒரே வாள் என்றால், ஏறக்குறைய பாதி நேரம் ஸ்னீக் அட்டாக் காற்றில் போய்விடும். இரண்டு வாள் என்றால் ஏதாவது ஒன்றாவது படும் வாய்ப்பு கிட்டத்தட்ட 80 சதவீதம்! சராசரி கணக்குப் போட்டால் ரேப்பியருக்கு ஒரு சுற்றில் சுமார் 8 புள்ளி அடி, இரட்டைக் குறுவாளுக்கு 11. இதில் ‘கிரிட்டிகல்’ அடியையும், பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற ஹாஃப்லிங் அதிர்ஷ்டத்தையும் சேர்க்கவில்லை.

அப்படியானால் எல்லோரும் இரண்டு வாள் வைத்துக்கொள்ளலாமே? விலை இருக்கிறது.

போவது சுலபம், திரும்புவது?

எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால், போகிறபோக்கில் அவன் ஓர் அடி வைப்பான். ‘ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்’. அதைத் தவிர்க்க ‘டிஸ்எங்கேஜ்’ செய்து, கவனமாகப் பின்வாங்க வேண்டும். மற்ற பாத்திரங்களுக்கு அதற்கே ஒரு முழு முறை செலவாகிவிடும். ரோக்குக்கு இரண்டாவது லெவலில் ‘கன்னிங் ஆக்‌ஷன்’ கிடைக்கிறது. ஓடுவது, விலகுவது, ஒளிவது மூன்றில் ஒன்றை போனஸ் ஆக்‌ஷனிலேயே செய்யலாம். உள்ளே பாய்ந்து ஒரு குத்து, வெளியே வந்து ஃபைட்டரின் முதுகுக்குப் பின்னால். கடுகின் இனத்துக்குத் தன்னைவிடப் பெரியவர்களின் பின்னால் ஒளியும் சலுகை இருக்கிறது. பெரிய உடம்புகளின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடவும் அனுமதி உண்டு. ஓகரின் கால் இடுக்கில் ஓடும் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் போனஸ் ஆக்‌ஷன் ஒரு முறைக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது வாளுக்குச் செலவழித்தால் தப்பிக்க இல்லை. தப்பிக்க வைத்துக்கொண்டால் இரண்டாவது வாள் இல்லை. நெருங்கிச் சண்டை போடும் ரோக்கின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்விதான். முதல் வாள் பட்டுவிட்டதா? அப்படியென்றால் ஸ்னீக் அட்டாக் கிடைத்துவிட்டது, கிளம்பு. படவில்லையா? இருந்து இன்னொரு தடவை வீசுவதா, வெறுங்கையோடு திரும்புவதா?

இதற்கு ஒரு விடை மூன்றாவது லெவலில் வருகிறது. அங்கே ரோக்குகள் ஆளுக்கொரு கிளை பிரிகிறார்கள். ‘அசாசின்’ பெயரைக் கேட்டுப் பலர் அங்கே போவார்கள்; எதிரியைத் திகைக்கவைத்து அடிக்கும் சந்தர்ப்பம் எப்போதாவதுதான் வாய்க்கிறது என்று பிறகு புலம்புவார்கள். கடுகுக்கு உரியது ‘ஸ்வாஷ்பக்ளர்’. 2015-ல் ‘ஸ்வோர்ட் கோஸ்ட்’ பற்றிய கையேட்டில் வந்து, 2017-ல் ‘சனாதரின் கையேட்டில்’ மறுபடி அச்சானது.

ஸ்வாஷ்பக்ளர் ஒருவனை நெருங்கி வாள் வீசினால், பட்டாலும் படாவிட்டாலும், அந்த முறை முடியும்வரை அவனால் அவளுக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கொடுக்க முடியாது. அதாவது இரண்டு வாளையும் வீசிவிட்டு, கையாட்டிவிட்டுப் போகலாம். எதிரியோடு ஒற்றைக்கு ஒற்றை நிற்கும்போது, பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்றால், கூட்டாளி இல்லாமலே ஸ்னீக் அட்டாக்கும் கிடைக்கும். யார் முதலில் ஆடுவது என்று உருட்டும்போது வசீகரமும் கூட்டிக்கொள்ளப்படும். 14 வசீகரம் அங்கேதான் பலன் தருகிறது. கிரே மவுசர் கடைசியில் வீடு வந்து சேர்ந்தது இந்தக் கிளையில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

ஐந்தாவது லெவலில் ‘அன்கேனி டாட்ஜ்’. கண்ணுக்குத் தெரிந்த எதிரியின் ஓர் அடியைப் பாதியாக்கலாம். ஏழாவதில் ‘இவேஷன்’; நெருப்புப் பந்து வெடிக்கும்போது சரியாகத் தாவினால் ஒரு மயிரும் கருகாது. அதுவரை பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2024-ல் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். குறுவாளும் ரேப்பியரும் ஒரு தடவை பட்டால் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் கிடைக்கிறது. குத்துவாள் இருந்தால் மறுகை வீச்சுக்கு போனஸ் ஆக்‌ஷன் செலவாவதில்லை. நெருங்கிச் சண்டை போடும் ரோக்குக்கு இது பொங்கல் போனஸ். ஆனால் அந்த அடிப்படைப் புத்தகத்தில் ஸ்வாஷ்பக்ளர் இல்லை. பழைய புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள டி.எம்.மின் சம்மதம் வேண்டும்.

பேசாமல் வில் எடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. குறுவில்லால் 80 அடி தூரத்திலிருந்தே அம்பு விடலாம். ஸ்னீக் அட்டாக் அதற்கும் உண்டு. அடி வாங்கும் பயம் குறைவு. உயிரோடு இருப்பது மட்டுமே லட்சியம் என்றால் வில்தான் சரி.

கிட்டே போவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. ஸ்னீக் அட்டாக் ‘ஒரு முறைக்கு ஒரு தடவை’ என்பதைக் கவனியுங்கள். ‘ஒரு சுற்றுக்கு’ என்று இல்லை. கடுகின் பக்கத்திலிருந்து எதிரி தன் முறையில் ஓடப் பார்த்தால், ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் இப்போது அவளுக்கு. கூட்டாளியும் எதிரியின் அருகில் இருந்தால் அதே சுற்றில் இரண்டாவது ஸ்னீக் அட்டாக்! வில்லாளிக்கு இந்த வாய்ப்பே கிடையாது. பாதாள அறைகளின் நெருக்கடியில் 80 அடி வெட்டவெளி எங்கே கிடைக்கிறது? எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் அம்பு விடுவதற்கே டிஸ்அட்வான்டேஜ்.

இன்னொன்று கணக்கில் வராதது. ஃபைட்டர் தனியாக அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு சிறு உருவம் வந்து நிற்கிறது. எதிரிக்கு இப்போது இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. சில சமயம் அந்தத் தேர்வுதான் ஃபைட்டரைக் காப்பாற்றுகிறது.

கூட்டாளி பையில் கை வைத்தால்...

ரோக் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு சண்டையில் நடப்பதில்லை. நண்பர்கள் தூங்கும்போது அவர்களின் பொற்காசுகளைத் திருடுவதில் நடக்கிறது. “நான் இல்லப்பா, என் கேரக்டர் அப்படி” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திருடு கொடுத்தவருக்குச் சிரிப்பு வராது. வாரம் முழுக்கக் காத்திருந்து, பஸ் பிடித்து வந்து, நான்கு மணி நேரம் விளையாடிச் சேர்த்த காசு அது. ஆட்டத்தின் கோபம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், குரூப்பே கலைந்துபோவதுண்டு.

அதற்காகத்தான் ஆட்டம் தொடங்குமுன் ‘செஷன் ஜீரோ’ என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். எதெல்லாம் நடக்கலாம், எதெல்லாம் கூடாது, யாருக்கு எது பிடிக்காது... அன்றே, “கூட்டாளி பையில் கை வைக்கக் கூடாது” என்று முடிவுசெய்துவிடுவது நல்லது. பூட்டு, பொறி, எதிரியின் இடுப்புச் சாவி என்று கை நீட்ட வேறு எவ்வளவோ இருக்கின்றன. விளையாடிப் பார்க்க விரும்பும் குடும்பங்கள் செலவுக்கும் பயப்பட வேண்டாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். பாத்திரங்கள் பென்சிலில் எழுதப்படுகின்றன, அழித்து எழுத வசதியாக.

ஓகரின் முன்னால்

கடுகு இன்னும் முதல் லெவலில்தான் இருக்கிறாள். கன்னிங் ஆக்‌ஷன் இல்லை, ஸ்வாஷ்பக்ளர் இல்லை. ஓகரின் தடி பட்டால் சராசரியாக 13 புள்ளி. அவளிடம் இருப்பது 10. இரண்டு எட்டு முகப் பகடைகளிலும் எட்டு விழுந்து, அடி 20 ஆகிவிட்டால் விதிப்படி அந்த இடத்திலேயே மரணம். உள்ளே போனால் விலக வழி கிடையாது.

“போறேன். ஃபைட்டர் பக்கத்துல.”

முதல் வாள். பகடையில் 4, ஐந்தைக் கூட்டினாலும் 9. ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11. தவறிவிட்டது. இரண்டாவது வாள். 13. பட்டது! குறுவாளுக்கு 4, ஸ்னீக் அட்டாக்குக்கு 5. ஓகர் 59-லிருந்து 50-க்கு இறங்குகிறது. கிளெரிக் தள்ளி நின்று ஒரு மந்திரம் எறிகிறாள், அது ஓகர்மேல் படவில்லை. அடுத்தது ஓகர்.

டி.எம். பகடையை உருட்டிவிட்டு ஒரு நொடி பேசாமல் இருக்கிறாள். “ஃபைட்டரை விட்டுட்டு உன் பக்கம் திரும்புது. 17.” இரண்டு எட்டு முகப் பகடைகள்: 5, 6. அதோடு 4. பதினைந்து புள்ளி. கடுகு விழுகிறாள்.

பூஜ்யத்துக்கு வந்தவர் உடனே சாவதில்லை. ஒவ்வொரு முறையும் 20 முகப் பகடை. 10-ம் மேலும் விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் பிழைப்பு, மூன்று தோல்வி வந்தால் முடிவு. யாரும் உதவாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் என்பது கணக்கு. ஆனால் தூரத்தில் விழுந்த வில்லாளிக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். நினைவிழந்தவரை ஐந்தடிக்குள் நின்று அடித்து, அந்த அடி பட்டுவிட்டால், அது தானாகவே கிரிட்டிகல். ஒரே அடிக்கு இரண்டு தோல்விகள். கடுகு விழுந்து கிடப்பது ஓகரின் காலடியில்.

ஃபைட்டர் மறுபடி வீசுகிறான். வாள் படுகிறது, ஓகர் விழவில்லை. கடுகின் முறை. பகடை மேஜையில் உருண்டு, சிப்ஸ் பாக்கெட்டில் மோதி நிற்கிறது. 7. ஒரு தோல்வி. காகிதத்தில் முதல் வட்டம் கறுப்பாகிறது. அடுத்த அடி பட்டால் மூன்றும் கறுப்பு.

நடுவில் ஒரே ஒருத்தியின் முறைதான் இருக்கிறது.

“இரு, இரு...” கிளெரிக்காக விளையாடுகிறவள் தன் தாளை மேலும் கீழும் பார்க்கிறாள். “ஹீலிங் வேர்ட். ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன். அறுபது அடிக்குப் போகும்ல?”

“போகும்.”

நான்கு முகப் பகடையில் 2. அவளுடைய விவேகத்துக்கு 3. கடுகு கண் திறக்கிறாள், 5 புள்ளிகளோடு. தோல்வி வட்டத்தை ரப்பர் அழிக்கிறது. ஓகரின் முறை இன்னும் வரவில்லை. டி.எம். பகடையைக் கையில் எடுக்கிறாள்.

“ஒரு நிமிஷம்டி. என் எலிக்கு என்னாச்சு?”

பகடை கையிலேயே நிற்கிறது. டி.எம். தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

“பைக்குள்ளதான் இருக்கு. நடுங்கிட்டு இருக்கு.”